கிழக்கு வரப்பில் சாய்ந்த கல், பக்கத்தில் இரும்புக் கம்பி: இதில் எது சர்வே கல்?

கீழக்காட்டான்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா போன பிறகு எங்கள் காட்டுப் பக்கம் யாரும் சரியாகப் போகவில்லை. வேலிக்கருவை மண்டிவிட்டது. இப்போதுதான் சுத்தம் செய்கிறோம். கிழக்கு வரப்பில் மட்டும் பொக்லைன் விடாமல் ஆள் வைத்து வெட்டினோம், பக்கத்துக் காடு பங்காளி அண்ணனுடையது, வரப்பு கலைந்தால் வம்பு என்று.

புதர் விலக விலக ஒவ்வொன்றாகத் தலை காட்டுகிறது. வடகிழக்கு மூலையில் முழங்கால் உயரத்துக்கும் கீழே ஒரு கருங்கல், எங்கள் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. தலையில் உளியால் வெட்டிய கூட்டல் குறி. அதிலிருந்து எங்கள் காட்டுக்குள் ஆளுயரம் தள்ளி ஒரு இரும்புக் கம்பி. கட்டடத்துக்குப் போடும் முறுக்குக் கம்பிதான், துருப்பிடித்து, முனையில் சிவப்புத் துணி கிழிந்து தொங்குகிறது. வடக்கே ரோட்டை ஒட்டி மஞ்சள் பெயின்ட் அடித்த கான்கிரீட் தூண், அதில் ஓ.எஃப்.சி. என்று எழுத்து. இது போதாதென்று, மேற்கே இருக்கும் மேட்டில் பாறை மேல் ஒரு வட்டம் வெட்டி நடுவில் குழி போட்டிருக்கிறது.

புலப்படம், அதாவது எங்கள் நிலத்தின் சர்வே வரைபடம், இணையத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். ஏ, பி, சி, டி என்று நாலு மூலை, குறுக்கே ஒரு கோடு, அதிலிருந்து கிளை கிளையாகச் சின்னக் கோடுகள், எல்லாவற்றிலும் எண்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

வேலி போட வேண்டும். எதை எல்லை என்று எடுத்துக்கொள்வது? பொக்லைன்காரர் "கல்லை நிமிர்த்தி நட்டுவிடட்டுமா சார்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

வரப்போரம்:

நண்பரே, இதில் குழம்ப ஒன்றும் இல்லை. கருங்கல்தான் சர்க்கார் கல். கம்பி பங்காளி வேலை. உங்கள் காட்டுக்குள் ஆளுயரம் தள்ளி நட்டிருக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? பிடுங்கி எறிந்துவிட்டு, கல்லை நேராக நிறுத்தி, சுற்றிலும் சிமென்ட் கலவை போட்டுவிடுங்கள். பிறகு யாரும் அசைக்க முடியாது.

பழைய சங்கிலி:

தம்பி கீழக்காட்டான், மேலே உள்ள யோசனையில் ஒன்றைக்கூடச் செய்ய வேண்டாம். பொக்லைன்காரரை முதலில் அந்த மூலைக்கு வரவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நான் நில அளவையில் சங்கிலி இழுக்கும் காலத்திலேயே சேர்ந்து ஓய்வு பெற்றவன். சாய்ந்த கல்லை நாங்கள் தொடவே மாட்டோம். தலை எங்கே சாய்ந்திருந்தாலும், அடி பெரும்பாலும் நட்ட குழியில்தான் இருக்கும். அடி எங்கே என்று தெரிந்தால் தலை முதலில் எங்கே நின்றது என்று சொல்லிவிடலாம். நிமிர்த்தப் போகிறவர் என்ன செய்வார்? சுற்றித் தோண்டுவார், மண்ணைத் தளர்த்துவார், கண்ணுக்கு நேராகத் தெரிகிற இடத்தில் நிறுத்துவார். ஒரு சாண் நகர்ந்தாலும் அவருக்குத் தெரியாது. அதற்குமேல் சிமென்டும் போட்டுவிட்டால், நகர்ந்த இடத்தில் நிரந்தரமாக நிற்கும் கல்லாகிவிடும். நாளைக்குப் பங்காளி "இதை நீயே நட்டுக்கொண்டாய்" என்றால் உங்களிடம் என்ன பதில் இருக்கிறது?

இப்போது நீங்கள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் வருகிறேன்.

மஞ்சள் தூணை மறந்துவிடுங்கள். ஓ.எஃப்.சி. என்றால் பூமிக்குள் போகும் கண்ணாடி இழைத் தொலைபேசிக் கேபிள். கேபிள் போகும் வழியைக் காட்ட நடுகிறார்கள், தோண்டுகிறவர்கள் அறுத்துவிடக் கூடாது என்பதற்காக. பெரும்பாலும் ரோட்டுப் புறம்போக்கில்தான் இருக்கும். ஆனால் அதை வைத்து "ரோட்டு நிலம் இதுவரைதான்" என்று முடிவு கட்டாதீர்கள், கேபிள்காரருக்கு வசதிப்பட்ட இடத்தில் நட்டிருப்பார். இதே போல் கேஸ் குழாய்க்கும் குடிநீர்க் குழாய்க்கும் தூண் உண்டு. கோயில் நிலம் பக்கத்தில் இருந்தால் எச்.ஆர்.சி.இ. என்று பொறித்த கல்லைப் பார்க்கலாம், அது அறநிலையத்துறை நட்டது. வனத்தை ஒட்டிய நிலமென்றால் வனத்துறையின் எண் போட்ட கற்குவியல் இருக்கும். எழுத்து இருந்தால் முதலில் அதைப் படிப்பதுதான் நல்லது. பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பாறை வட்டம் எனக்கே ஆசை காட்டுகிறது. வட்டம் வெட்டி நடுவில் புள்ளிக் குழி போடுவது முக்கோண அளவைக்காரர்களின் அடையாளம். 1802இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கில ராணுவ அதிகாரி சென்னைப் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கினாரே, அந்தப் பெரிய வேலையின் வழிவந்த முறை. குன்று, மேடு என்று நாலாபக்கமும் பார்வை கிடைக்கிற இடத்தில் அப்படிக் குறி வைத்து, கோணம் பார்த்து, தேசப் படம் வரைந்தார்கள். உங்கள் பாறையில் இருப்பது அதுதானா, மாடு மேய்த்தவர்கள் பொழுது போகாமல் வெட்டியதா என்று நேரில் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். (மாடு மேய்த்தவர்கள் வெட்டுவது பெரும்பாலும் ஆடுபுலி ஆட்டக் கட்டம்தான், அது முக்கோணமாக இருக்கும்.) எதுவானாலும் உங்கள் பட்டாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தேசப் படம் வரைந்த வேலை வேறு, வயல் வயலாக அளந்து வரி போட்ட ரெவின்யூ சர்வே வேறு. அதைச் சிதைக்காமல் விட்டுவிடுங்கள்.

மிச்சம் கல்லும் கம்பியும். கூட்டல் குறி உள்ள கருங்கல் என்றால் சர்வே கல்லாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. குறியின் நடுப்புள்ளிதான் கணக்கு. அளக்கும்போது கல்லின் ஓரத்திலிருந்து அளக்காதீர்கள். ஆனால் கல்லின் முகத்தைப் பார்த்து மட்டும் யாரும் எல்லை சொல்ல முடியாது. உண்மையான சர்வே கல்லையே பிடுங்கி வேறு இடத்தில் நட்ட கதைகள் ஏராளம். கல் அசலா என்பது ஒரு கேள்வி, அசல் இடத்தில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குப் பதில் உங்கள் கையில் இருக்கும் புலப்படத்தில் இருக்கிறது.

படத்தில் வயலைச் சுற்றிப் போகும் கோடுகளை எஃப் லைன் என்போம், வயலின் எல்லை அது. குறுக்கே போவது ஜி லைன், அளப்பதற்காகச் சர்வேயர் போட்டுக்கொண்ட அடிக்கோடு, நிலத்தில் அப்படி ஒரு வரப்பு இருக்காது. அதிலிருந்து கிளைக்கிற சின்னக் கோடுகள் ஆஃப்செட். அடிக்கோட்டில் இத்தனை தூரம் போய், அங்கிருந்து செங்குத்தாக இத்தனை தூரம் திரும்பினால் எல்லையின் வளைவு வரும் என்று அர்த்தம்.

எண்கள் எந்த அளவில் என்று கவனியுங்கள். இப்போது இணையத்தில் வருவது மீட்டர். வீட்டில் அப்பா வைத்திருந்த பழைய நகல் ஏதாவது இருந்தால் அதில் லிங்க்ஸ் இருக்கும். 100 லிங்க்ஸ் சேர்ந்தது ஒரு சங்கிலி, 66 அடி. ஒரு லிங்க் சுமார் 20 சென்டிமீட்டர். 1979இலிருந்து 1987 வரை நடந்த யு.டி.ஆர். (நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம்) காலத்தில்தான் கிராமக் கணக்குகள் ஹெக்டேர், ஏர்ஸ் என்று மாறின. பழைய படத்தில் 479 என்று பார்த்துவிட்டு "அரைக் கிலோமீட்டர் நிலம் போச்சே" என்று ஓடிவந்தவர்கள் உண்டு. 479 லிங்க்ஸ் என்றால் 96 மீட்டர் சொச்சம், அவ்வளவுதான்.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். பங்காளி காடு தனிப் புல எண்ணா, உங்கள் புல எண்ணிலேயே உட்பிரிவா? உட்பிரிவு எல்லையில் பல இடங்களில் சர்க்கார் கல்லே இருக்காது. இரண்டாவது, சந்தேகமே இல்லாத கல், ஊரே ஒத்துக்கொள்கிற கல், உங்கள் மற்ற மூலைகளில் எத்தனை இருக்கிறது?

தாலுகா வாசல்:

பெரியவர் சொன்னதோடு சட்டப் பக்கம் கொஞ்சம். அரசு அலுவலர் நட்ட எல்லைக்கல்லை அழிப்பதோ நகர்த்துவதோ குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 434ஆவது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 326ஆவது பிரிவுக்குள் வருகிறது. ஓராண்டு வரை சிறை. நல்ல எண்ணத்தில் நிமிர்த்தினேன் என்று பிறகு விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: 1923ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி, தன் நிலத்துக் கற்களைப் பராமரிக்க வேண்டிய கடமை பட்டாதாரருக்கே உண்டு. கல் காணாமல் போனால் சர்க்கார் வந்து பார்த்துக்கொள்ளும் என்று உட்கார்ந்திருக்க முடியாது.

வரப்போரம்:

சிமென்ட் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்! ஆனாலும் கம்பி விஷயத்தில் எனக்குச் சந்தேகம் சந்தேகம்தான்.

கீழக்காட்டான்:

ஐயா, இவ்வளவு விரிவாக யாரும் சொன்னதில்லை. பொக்லைனைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

பங்காளி காடு தனிப் புல எண். மற்ற மூலைகளில் தென்கிழக்கே டி கல் பனை மரத்தடியில் இருக்கிறது, அதில் யாருக்கும் தகராறு இல்லை. வடமேற்கே பி கல் வண்டிப்பாதை ஓரம் உறுதியாக நிற்கிறது. தென்மேற்கு ஏ கல் காணோம், கிணறு வெட்டியபோது மண்ணில் புதைந்திருக்கலாம்.

தம்பியும் நானும் டேப் பிடித்து டி கல்லிலிருந்து அளந்தோம். படத்தில் டி முதல் வடகிழக்கு மூலையான சி வரை 96.4 மீட்டர். சாய்ந்த கல் வரை 96.6 வந்தது. சரி, கல்தான் எல்லை என்று சந்தோஷப்பட்டு, சும்மா கம்பி வரைக்கும் அளந்து பார்த்தால் அது 96.5! இரண்டுமே பொருந்துகிறதே, என்ன செய்வது?

பழைய சங்கிலி:

பொருந்தத்தான் செய்யும். கயிற்றின் ஒரு நுனியைப் பனை மரத்தில் கட்டிய மாடு சுற்றி வருகிற வட்டம் போல, டி கல்லிலிருந்து 96.4 மீட்டரில் உள்ள புள்ளிகள் எல்லாம் ஒரு வில்லில் கிடக்கும். கல்லும் கம்பியும் அந்த வில்லின் மேலேயே ஆளுயர இடைவெளியில் இருக்கின்றன. கிழக்கு மேற்காக யார் எவ்வளவு நகர்த்தியிருந்தாலும் தெற்கிலிருந்து அளந்தால் தெரியாது. வரப்பை ஒட்டி ஒரே ஒரு அளவு போட்டுவிட்டு "சரியாக இருக்கு" என்று எழுந்து போகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

உங்களுக்கு வேண்டியது குறுக்குப் பக்கத்து அளவு. பி கல்லிலிருந்து அளங்கள். கல், கம்பி இரண்டில் எது படத்தோடு பொருந்துகிறது என்று அது காட்டும். முடிந்தால் மூன்றாவதாக ஒன்று: பங்காளி புல எண்ணுக்கும் புலப்படம் எடுங்கள். உங்கள் சி மூலைதான் அவருடைய வடமேற்கு மூலை. அவர் படத்திலும் உங்கள் கிழக்கு எல்லை அதே நீளத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு அவருடைய வடகிழக்குக் கல்லிலிருந்து இந்த மூலைக்கு எவ்வளவு என்று பார்த்து அதையும் அளங்கள். அவரையும் கூடவே வைத்துக்கொண்டு அளங்கள். தெரியாமல் அவர் காட்டுக்குள் டேப்போடு இறங்காதீர்கள்.

டேப் பிடிக்கிற விதமும் முக்கியம். படத்தில் உள்ளது மட்டத் தூரம், மேடு பள்ளத்தில் படுத்து ஏறி இறங்கிய தூரம் இல்லை. வரப்பு மேல் டேப்பைப் படுக்கவிட்டால், புதரைச் சுற்றி வளைத்தால், அளவு கூடித்தான் வரும். நைந்து நீண்ட பழைய டேப்பாக இருந்தால் மாறாகக் குறைத்துக் காட்டும். இடுப்பு மட்டத்தில் இழுத்துப் பிடித்து, சரிவில் துண்டு துண்டாக அளங்கள். 96.4க்கு 96.6 என்பது உங்களைப் போன்றவர்கள் கையில் ரொம்ப நல்ல அளவு. சாய்ந்த கல்லுக்குத் தலையில் உள்ள குறி வேண்டாம், மண்ணுக்குள் இறங்குகிற இடத்தில் நடு மையம் பிடியுங்கள். மேலே தெரிகிற உடம்பில் மண் கறைக் கோடு எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். முன்பு புதைந்திருந்த பகுதி செம்மண் ஏறி நிறம் மாறியிருக்கும், வெயில் பட்ட பகுதி வெளுத்திருக்கும். கறை இப்போதைய தரைமட்டத்துக்கு ரொம்ப மேலே இருந்தால், மண் கரைந்திருக்கிறது அல்லது கல் கிளப்பப்பட்டிருக்கிறது.

கம்பி பற்றி ஒரு வார்த்தை. அதை உடனே திருட்டாக நினைக்காதீர்கள். தனியார் சர்வேயர்கள் கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியை வைக்கிற இடத்தில் கம்பியோ ஆணியோ அடித்துவிட்டுப் போவது வழக்கம். மூலைக்கல் புதருக்குள் மாட்டிக்கொண்டால் கொஞ்சம் தள்ளி வெட்டவெளியில்தான் கருவியை வைப்பார்கள். யாராவது அளந்தார்களா என்று பங்காளியிடம் நேராகவே கேட்டுவிடுங்கள்.

கீழக்காட்டான்:

ஐயா, அண்ணனையும் கூட்டிக்கொண்டு போய் அளந்தோம். முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை. படத்தைக் காட்டியதும் அவரே டேப் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

பி கல்லிலிருந்து சி மூலைக்குப் படத்தில் 142.6. சாய்ந்த கல்லின் அடி வரை 143.0 வந்தது, நடுவில் வெட்டாத கருவை ஒன்றைச் சுற்ற வேண்டியிருந்தது. கம்பி வரை 140.8தான். அண்ணன் படத்தில் நம் கிழக்கு எல்லை அதே 96.4. அவருடைய வடகிழக்குக் கல்லிலிருந்து இந்த மூலைக்கு 118.0 என்று இருக்கிறது, எங்களுக்கு 117.9 வந்தது.

கல்லில் கறைக் கோடு தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் இருக்கிறது, அதுவும் சாய்வாக இல்லாமல் கல்லைச் சுற்றி நேராகப் போகிறது.

கம்பி கதையும் தெரிந்தது. அண்ணன் பேங்க் லோனுக்காக ஒரு தனியார் சர்வேயரை வைத்து அளந்தாராம். "மூலையில் முள்ளுக்குள் போக முடியவில்லை என்று உங்க காட்டில் நின்றுதான் பார்த்தார்கள், யாரிடம் கேட்பது, நீங்கள்தான் இந்தப் பக்கமே வருவதில்லையே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வரப்போரம்:

நல்லவேளை, நான் சொன்னதைக் கேட்டுப் பிடுங்கவில்லை.

பழைய சங்கிலி:

மூன்று பக்கத்திலிருந்தும் அளவு கல்லில்தான் வந்து சேருகிறது. கறைக் கோடும் நட்ட ஆழம் பெரிதாக மாறவில்லை என்கிறது: நேராக நின்றபோது விழுந்த கறை, பிறகு சாய்ந்திருக்கிறது. மண் அரிப்பாலோ மாடு உரசியோ சாய்ந்திருக்கும். என் கணக்கில் அதுதான் உங்கள் சி.

கம்பியை எல்லை என்று எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று போட்டுப் பார்த்தேன். டி மூலையில் ஒன்றுமில்லாமல் தொடங்கி வடக்கே 2.2 மீட்டர் அகலத்தில் முடிகிற நீள முக்கோணம், 106 சதுர மீட்டர். கிட்டத்தட்ட 2.6 சென்ட். வேலி போட்ட பிறகு இதற்காக இரண்டு வீடும் பேசாமல் போயிருக்கும்.

ஆனால் இது என் கணக்கும் உங்கள் டேப்பும்தான், பதிவு இல்லை. வேலிக்கு முன்னால் முறையாக அளந்துகொள்ளுங்கள். தமிழ்நிலம் இணையதளத்தில் எல்லை அளக்க விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் இ-சேவை மையத்தில் போடுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து நின்றால் சர்வேயர் நோட்டீஸ் கொடுத்து வரும் நாளில் வேலை சீக்கிரம் முடியும். காணாமல் போன ஏ கல்லையும் அதே நாளில் பார்த்து நடச் சொல்லிக் கேளுங்கள், பி, டி, சி மூன்றும் கிடைத்திருப்பதால் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. சாய்ந்த கல்லை நிமிர்த்துவதும் அவர் முன்னால்தான். கம்பியை எடுப்பதென்றால் அதுவும் அதன் பிறகு.

தாலுகா வாசல்:

விண்ணப்பத்தில் பக்கத்துப் புல எண்ணையும் அண்ணன் பெயரையும் சரியாக எழுதுங்கள். நோட்டீஸ் பழைய பட்டாதாரர் பெயருக்குப் போய்த் திரும்பிவிட்டால் இன்னொரு முறை அலைய வேண்டும். உங்கள் பட்டா இன்னும் அப்பா பெயரில் இருந்தால் பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிடுங்கள்.

கீழக்காட்டான்:

அப்பா பெயரில்தான் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழ் இருக்கிறது, திங்கட்கிழமை பெயர் மாற்றத்துக்குப் போட்டுவிடுகிறேன். அதுவரை கல்லைச் சுற்றி நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டியிருக்கிறேன், வேலையாள் யாரும் மண்வெட்டி போடாமல் இருக்க. பி பக்கத்தில் டேப்பை வளைத்த அந்தக் கருவையை நாளைக்கு வெட்டச் சொல்லியிருக்கிறேன்.